சாஃப்ட்வேர் வேலை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2008ல் சென்னைக்கு வந்து வேலையில் சேர்ந்தேன். அதற்கு முன் சங்கரன்கோவில் பக்கம் தமிழ் வழிப் பள்ளி, ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பொறியியல் கல்லூரி. இப்போது டீமில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலையில் பாதி. வருஷத்துக்கு இரண்டு முறை படித்த கல்லூரிக்கும் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். போய்வந்த வாரம் முழுக்க வாட்ஸ்ஆப்பில் சந்தேகங்கள் வரும். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் அதேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

"அக்கா, நான் மெக்கானிக்கல் படிச்சேன். சாஃப்ட்வேருக்கு வர முடியுமா?"

முடியும். என் டீமில் டேட்டாபேஸ் எங்கே திணறுகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவர் சிவில் படித்தவர். டிகிரி முதல் இன்டர்வியூவின் வாசல் வரைதான் கூட வரும். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் நாலு வருஷத்தில் அரைகுறையாகவாவது கேட்டிருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ் மூன்றையும் நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிக்க வழி இல்லை.

காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. என்பிடெல் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் வகுப்புகள் இலவசம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ், பைத்தான் போன்றவை தமிழ் ஒலியிலேயே இருக்கின்றன. பட்டமும் வேண்டும் என்றால் ஐஐடி மெட்ராஸ் 2020ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பு உண்டு. அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், ஜேஇஇ எழுதியிருக்க வேண்டியதில்லை.

"முதல்ல எந்த லாங்குவேஜ் கத்துக்கணும்? ஜாவாவா, பைத்தானா?"

எதுவானாலும் சரி. ஒன்றை எடுத்து ஒரு வருஷம் அதிலேயே இருங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று தாவுபவர்களுக்கு நாலு மொழியில் ஃபார் லூப் எழுதத் தெரிகிறது, ஒரு மொழியிலும் ஒரு முழு வேலையை முடிக்கத் தெரிவதில்லை.

நான் சேர்ந்த வருஷம் எல்லோரும் ஸ்ட்ரட்ஸ், ஃப்ளெக்ஸ் என்று ஓடி ஓடிப் படித்தார்கள். இன்று என் டீமுக்கு வரும் எந்த ரெஸ்யூமிலும் அவற்றைப் பார்ப்பதில்லை. அதே வருஷம் முதல் மாதத்தில் எழுதிப் பழகிய எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) இன்றும் அப்படியே ஓடுகிறது. அது பிறந்தது 1970களின் முதல் பாதியில். யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பிறந்தது 1969. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட், இன்றும் இணையம் பேசும் டிசிபி/ஐபி முறைக்கு மாறியது 1983 ஜனவரி 1. இந்த வேலையில் ஐம்பது வருஷம் தாங்குபவையும் உண்டு, ஐந்து வருஷத்தில் போய்விடுபவையும் உண்டு. தாங்குபவற்றுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

"தமிழ் மீடியம்கா. இங்கிலீஷ் வராது. அதனாலயே பின்தங்கிடுவேனோன்னு பயமா இருக்கு."

பயம் எனக்கும் இருந்தது. ஆனால் ஆங்கிலம் மொத்தமாக வேண்டியதில்லை, இரண்டு இடத்தில் வேண்டும். ஒன்று, டாக்குமென்டேஷன் படிக்க. அதில் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்கள்தான். தெரியாத சொல்லை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதினேன். 'டெப்ரிகேட்டட்' என்ற சொல்லுக்கு நேரே 'இப்போதைக்கு ஓடும், சீக்கிரம் எடுத்துவிடுவார்கள், புதிதாகப் பயன்படுத்தாதே' என்று எழுதியது நினைவிருக்கிறது. ஆறு மாதத்தில் நோட்டைத் திறக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

இரண்டு, ஸ்டாண்டப் என்னும் காலைச் சின்ன மீட்டிங்கிலும் கிளையன்ட் காலிலும் பேச. நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்கிறேன், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று மூன்று சின்ன வாக்கியங்கள். முந்தைய நாள் ராத்திரியே எழுதி வைத்துப் படியுங்கள். யோசிப்பதைத் தமிழிலேயே செய்யுங்கள். பக்கின் (கோடில் உள்ள தப்பின்) காரணத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்ல முடியாதவர் ஆங்கிலத்திலும் தெளிவாகச் சொல்வதில்லை.

"சிவப்பு கலர்ல நாப்பது வரி எரர் வருது. பாத்தாலே ஒண்ணும் ஓடல."

படியுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் செய்யாமல் விடுவது இதைத்தான். எரர் வந்ததும் அப்படியே காப்பி செய்து கூகுளிலோ சாட்ஜிபிடியிலோ போடுகிறார்கள், தாங்கள் ஒருமுறைகூட வாசிக்காமல். போன வருஷம் ஒரு தம்பி இரண்டு மணி நேரமாக மாட்டிக்கொண்டிருந்தார். "எரரைச் சத்தமாக வாசிங்க" என்றேன். ஃபைல் கிடைக்கவில்லை என்று சொல்லி, தேடிய பாதையையும் அது ஒற்றை மேற்கோளுக்குள் காட்டியிருந்தது. பாதையின் கடைசி எழுத்துக்கும் மூடும் மேற்கோளுக்கும் நடுவே ஒரு ஸ்பேஸ். கான்ஃபிக் ஃபைலில் தவறி விழுந்த ஒரு தட்டல்.

ஜாவா என்றால் 'காஸ்டு பை' என்று தொடங்கும் கடைசி இடத்துக்குப் போங்கள், பெரும்பாலும் உண்மையான காரணம் அங்கே இருக்கும். அதன் கீழே உங்கள் பேக்கேஜ் பெயர் வரும் முதல் வரியைத் தேடுங்கள். பைத்தான் என்றால் அடியிலிருந்து மேலே. நாற்பது வரியில் உங்களுக்கு வேண்டியது இரண்டோ மூன்றோதான்.

"எவ்வளவு நேரம் நானே முட்டிக்கணும்? எப்ப போய் கேட்கணும்? கேட்டா தப்பா நினைப்பாங்களோ?"

நான் சொல்லும் கணக்கு நாற்பத்தைந்து நிமிஷம். அதற்கு முன் எழுந்து போனால் உங்களுக்கே தெரிந்திருக்கக்கூடியது கை நழுவும். அரை நாள் கழித்துப் போனால் டீமின் நேரம் வீண். போகும்போது மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, இதுவரை எதையெல்லாம் முயன்றீர்கள். இந்த மூன்றையும் டைப் செய்யும்போதே விடை கிடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். கேட்டதற்காக யாரையும் நான் குறைவாக நினைத்ததில்லை. ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டால் மட்டும், குறிப்பு எடுப்பதில்லையா என்று கேட்பேன்.

"ப்ராஜெக்ட்ல ஏற்கெனவே அஞ்சு லட்சம் வரி கோட் இருக்கு. கேடி குடுத்தவர் பேப்பர் போட்டுட்டு போயிட்டார். எங்கிருந்து படிக்கிறது?"

(கேடி என்றால் பழையவர் புதியவருக்கு வேலையை விளக்கிக் கொடுப்பது, பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா.) அந்த ஐந்து லட்சத்தையும் படித்தவர் யாரும் இருக்க மாட்டார். நீங்களும் படிக்க வேண்டாம். ஒரு பட்டனைப் பிடியுங்கள். பயனர் 'சேவ்' அழுத்துகிறார், அந்த ரிக்வெஸ்ட் எந்த ஃபங்ஷனுக்குப் போகிறது, அது எதைக் கூப்பிடுகிறது, கடைசியில் எந்த டேபிளில் எந்த நெடுவரிசையில் விழுகிறது. டிபக்கரை வைத்து ஒவ்வொரு அடியாக நகர்த்திக்கொண்டே ஒரு தாளில் கோடு போட்டு வரையுங்கள். இப்படி ஐந்து பட்டன் முடித்தால் அமைப்பு பிடிபடத் தொடங்கும்.

ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்காவிட்டால் கிட் வரலாற்றைப் பாருங்கள். 2005ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கோடைப் பராமரிக்கவென்று எழுதிய கருவி அது. யார், எந்தத் தேதியில், என்ன சொல்லி மாற்றினார் என்பது அதில் இருக்கும். கேடி கொடுத்தவர் போனாலும் அவருடைய கமிட் மெசேஜ்கள் (ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதி வைத்த குறிப்புகள்) போகவில்லை. உங்களுக்குப் பின் வருபவரும் இதையே செய்வார் என்று நினைத்து உங்கள் கமிட் மெசேஜை எழுதுங்கள். 'ஃபிக்ஸ்டு' என்ற ஒற்றைச் சொல் யாருக்கும் உதவாது.

"கோட் ஓடுது. ஆனா ஏன் ஓடுதுன்னு தெரியல. விட்டுடலாமா?"

விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஓடுவது என்றால் நீங்கள் கொடுத்துப் பார்த்த நாலு உதாரணத்துக்கு ஓடுகிறது என்று மட்டும் பொருள். ஒருமுறை முகவரிச் சீட்டு அச்சிடும் வேலை எங்களிடம் வந்தது. ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் சரியாக வந்தன. தமிழில் 'முத்துலட்சுமி' என்ற பெயர் 'முத்துலட்ச' என்று அச்சானது. டீமில் ஒருவர் டேபிளில் பெயருக்கான நெடுவரிசையின் அளவை 30லிருந்து 60 ஆக்கினார், சரியாகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அதைவிட நீளமான ஒரு பெயர் வந்து மறுபடி அறுந்தது.

அன்று உட்கார்ந்து எண்ணினேன். கண்ணுக்கு ஏழு எழுத்து: மு, த், து, ல, ட், சு, மி. கணினியில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் 'மு' என்பது ம என்ற குறியும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு. அப்படி எண்ணினால் பதின்மூன்று குறிகள். அந்தக் குறிகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், மொத்தம் 39. அந்த நெடுவரிசை எண்ணியது எழுத்தை அல்ல, பைட்டை. 30 பைட்டில் பத்துக் குறிதான் கொள்ளும், பத்தாவது 'ச'. ஒரு மாலை நேரத்தில் இது புரிந்தது. அதற்குப் பிறகு 'கோமதி' என்று தேடினால் பாதிப் பேர் வருவதில்லை என்ற புகார் வந்தபோது எங்கே பார்ப்பது என்று உடனே தெரிந்தது. 'கோ'வை க, ோ என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம், க, ே, ா என்று மூன்றாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு. சேமிக்கும் முன் நார்மலைஸ் செய்து ஒரே வடிவமாக்க வேண்டும்.

உலகமே கடன்பட்டிருக்கும் ஓர் உதாரணமும் உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் லாகின் (தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைவது) அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. விட்டிருக்கலாம். ஏன் என்று நோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்குள், இரண்டு வருஷத்துக்கும் மேல் நல்லவராக உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் பின்வாசல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தது வெளிப்பட்டது. பெரும்பாலான சர்வர்களுக்குப் போகும் முன்பே அதைத் தடுத்துவிட்டார்கள்.

"என் லேப்டாப்ல ஓடுது, சர்வர்ல மட்டும் தப்பா வருது."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பட்டியல் போடுங்கள். லைப்ரரியின் வெர்ஷன், என்விரான்மென்ட் வேரியபிள், பர்மிஷன், ஃபைல் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து (விண்டோஸ் பொதுவாக இதைக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் விடாது). எதிலும் சிக்கவில்லை என்றால் நேர மண்டலத்தைப் பாருங்கள்.

உங்கள் லேப்டாப் இந்திய நேரத்தில், சர்வர் பெரும்பாலும் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில். இடைவெளி ஐந்தரை மணி நேரம். நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை வரும் ஆர்டர் எல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும். பகலில் எத்தனை முறை டெஸ்ட் செய்தாலும் இந்தத் தப்பு தெரியாது. தினசரி ரிப்போர்ட்டில் ஏழெட்டு ஆர்டர் இடம் மாறியிருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த ஆர்டர்களின் நேரத்தை முதலில் கேளுங்கள்.

"டேட்டா ஸ்ட்ரக்சர் எல்லாம் இன்டர்வியூக்கு மட்டும்தானே?"

ரெட்-பிளாக் ட்ரீயை போர்டில் எழுதிக் காட்டுவது இன்டர்வியூவுக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிப் பார்க்கும் பழக்கம் தினமும் வேண்டும். இரண்டு பட்டியலில் பொதுவாக இருப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வையுங்கள். லூப்புக்குள் லூப் போடுகிறீர்கள். டெஸ்ட் செய்யும்போது பட்டியலுக்கு 100 பேர், பத்தாயிரம் ஒப்பீடு, கண் சிமிட்டும் நேரத்தில் முடியும். ப்ரொடக்‌ஷனில் (பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் இடத்தில்) பட்டியலுக்கு ஒரு லட்சம் பேர். லட்சம் பெருக்கல் லட்சம் என்றால் ஆயிரம் கோடி ஒப்பீடு. ஒரு பட்டியலை, இருக்கிறதா இல்லையா என்று உடனே சொல்லும் 'செட்' என்ற அமைப்பில் போட்டு மற்றதை அதில் தேடினால் சுமார் இரண்டு லட்சம் வேலையில் முடிந்துவிடும்.

டேட்டாபேஸில் இன்டெக்ஸ் போடுவதும் இதே கணக்குதான். வரிசைப்படுத்திய ஒரு கோடிப் பதிவில் ஒன்றைப் பாதி பாதியாக வெட்டித் தேடினால் அதிகபட்சம் 24 ஒப்பீடு.

"சப்போர்ட் ப்ராஜெக்ட்ல போட்டுட்டாங்க. கோடிங்கே இல்ல. கேரியர் போச்சா?"

போகவில்லை. என் முதல் ஒன்றரை வருஷம் சப்போர்ட்தான், ராத்திரி ஷிஃப்ட்டும் சேர்த்து. மற்றவர்கள் எழுதிய கோட் எப்படி உடைகிறது என்பதை அங்கே பார்த்ததுபோல வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நாலு வரி: என்ன புகார், முதலில் எங்கே தேடினேன், உண்மையான காரணம் எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் ஆனது. ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் உள்ள தூரம் குறைந்திருக்கும்.

ஆனால் டிக்கெட்டை மூடி மூடி எண்ணிக்கை காட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் பயம் நிஜமாகிவிடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்றால், மேலே முத்துலட்சுமி கதையில் 30ஐ 60 ஆக்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஒன்றரை வருஷம் ஆனதும் டெவலப்மென்ட்டுக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அந்த நோட்டிலிருந்து நாலு பக்கம் காட்டிப் பேசுங்கள். தரவில்லை என்றால் வெளியே தேடுங்கள்.

"கோட் ரிவ்யூல முப்பது கமெண்ட் போட்டிருக்காங்க. அழுகையா வந்துடுச்சு."

முப்பது கமெண்ட் போட ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவற்றை இனம் பிரியுங்கள். பெரும்பாலும் இருபது ஒரே பழக்கத்தைச் சொல்லும், பெயர் வைப்பதையோ ஃபங்ஷன் நீளத்தையோ. அடுத்த முறை அது பத்தாகும். உங்களுக்கு உடன்பாடு இல்லாத கமெண்ட் இருந்தால் காரணம் சொல்லி எழுதுங்கள், பணிந்து மாற்ற வேண்டாம். கோடைப் பற்றிப் பேசாமல் உங்களைப் பற்றிக் கமெண்ட் எழுதுபவர் இருந்தால் அது தவறு, அதை லீடிடம் சொல்லுங்கள்.

"ஏஐயே கோட் எழுதிடுது. இனிமே நான் எதுக்குக் கத்துக்கணும்?"

சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30. அதற்குப் பிறகு எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். முன்பு அரை நாள் எடுத்த டெஸ்ட் கேஸ்கள் பத்து நிமிஷத்தில் வருகின்றன. புதியவர்கள் இதைத் தொடவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் என் டீமில் ஒரு விதி இருக்கிறது. யார் எழுதித் தந்தாலும், உங்கள் பெயரில் டீமின் கோடோடு மெர்ஜ் ஆகும் கோடின் ஒவ்வொரு வரியையும் லேப்டாப்பை மூடிவிட்டு எனக்குச் சொல்ல வேண்டும். ஒரு பெண் தினசரி ரிப்போர்ட்டுக்கான ஃபங்ஷன் ஒன்றைக் கொண்டுவந்தார். பார்க்க அழகாக இருந்தது, டெஸ்ட் எல்லாம் பச்சை. 'இன்று' என்பதை எந்த ஊர் நேரத்தில் எடுக்கிறது என்று கேட்டேன். தெரியவில்லை. மேலே சொன்ன அதே ஐந்தரை மணி நேரத் தப்பு. டெஸ்ட்டையும் அதே கருவிதான் எழுதியிருந்தது, அதனால் அதிலும் அதே தப்பு. சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்திருந்தால் அதுவே திருத்தியும் தந்திருக்கும். அந்தக் கேள்வி, நாலு முறை அடிபட்டுக் கற்றவரிடமிருந்துதான் வருகிறது.

இரண்டு எச்சரிக்கை. இல்லாத பேக்கேஜின் பெயரை அது இருப்பதுபோலச் சொல்லும், இன்ஸ்டால் செய்யும் முன் அது நிஜமா, யார் பராமரிக்கிறார் என்று பாருங்கள். கிளையன்டின் கோடையோ வாடிக்கையாளர் விவரத்தையோ நிறுவனம் அனுமதிக்காத கருவியில் ஒட்டாதீர்கள். இதற்காகவே வேலை போகலாம்.

"எத்தனை நாள்ல முடியும்னு மேனேஜர் கேட்கிறார். வாய்க்கு வந்ததைச் சொல்லிடறேன், அப்புறம் மாட்டிக்கிறேன்."

"நாளைக்குச் சொல்கிறேன்" என்பதும் ஒரு பதில்தான். அந்த ஒரு நாளில் வேலையைத் துண்டு துண்டாக்குங்கள். எந்தத் துண்டும் ஒரு நாளுக்கு மேல் போகக் கூடாது. போகிறது என்றால் அது உங்களுக்கு இன்னும் புரியவில்லை. ரிவ்யூ, டெஸ்டிங், டெப்ளாய்மென்ட், நடுவில் வரும் மீட்டிங் எல்லாவற்றையும் சேருங்கள். புதியவர்கள் டைப் செய்யும் நேரத்தை மட்டும் சொல்கிறார்கள்.

தாமதமாகும் என்று தெரிந்த அன்றே சொல்லுங்கள், கடைசி நாளில் அல்ல. அப்போது இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். தாமதமான ப்ராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரிய ப்ராஜெக்ட்டை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே சொல்லிவிட்டார். புதியவருக்கு கேடி கொடுக்கும் நேரம் உங்களுடையதுதான். ஐந்து பேர் டீமில் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 10, பத்துப் பேர் ஆனால் 45.

"ப்ரொடக்‌ஷன்ல தப்பு பண்ணிட்டேன். இன்னும் யார்கிட்டயும் சொல்லல. கை நடுங்குது."

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் முதலில் லீடுக்கு போன் செய்யுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். நீங்களே ரகசியமாகச் சரிசெய்யப் பார்த்தால் இரண்டாவது தப்பு நடக்கும், அதுதான் பெரும்பாலும் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும்.

2010ல் நான் ஓர் அப்டேட் கட்டளையை, எந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' கண்டிஷன் இல்லாமல் ஓட்டினேன். டேபிளில் இருந்த அத்தனை வாடிக்கையாளருக்கும் ஒரே ஊர் ஆகிவிட்டது. ஐந்து நிமிஷத்துக்குள் லீடிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, உடனே ஆப்பை நிறுத்தச் சொன்னார். முந்தின ராத்திரி பேக்கப்பிலிருந்து மீட்க நாலு மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து என் வரிசை இது: டிரான்சாக்‌ஷனைத் தொடங்கு, அதே கண்டிஷனோடு செலக்ட் போட்டு எத்தனை வரி என்று எண்ணு, அப்டேட் ஓட்டு, எண்ணிக்கை பொருந்துகிறதா பார், பிறகுதான் கமிட் (மாற்றத்தை உறுதியாக்குவது). பொருந்தாவிட்டால் ரோல்பேக் (பழையபடி ஆக்குவது).

2017 ஜனவரி 31 அன்று, மற்றவர்களின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர், இரவு நெடுநேரம் வேலை பார்த்த களைப்பில், தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். ஐந்து விதமான பேக்கப், ரெப்ளிகேஷன் ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்திருந்த ஆறு மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து (நகலிலிருந்து) மீட்டார்கள். மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், பிறகு நடந்ததை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று எண்ணக் கூடாது. அதைப் படித்த பிறகு என் டீமில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டுப் பார்க்கிறோம்.

"வேலையே கிடைக்கல. ஒரு கன்சல்டன்சி இரண்டு லட்சம் கேட்கிறாங்க. மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸும் போட்டுத் தர்றாங்களாம்."

கொடுக்காதீர்கள். அப்பா நிலத்தையோ அம்மா நகையையோ வைத்துக் கொடுத்த பணம் போய், ஆபீஸே காலியான கதைகளை ஒவ்வொரு வருஷமும் கேட்கிறேன். வேலைக்கு எடுப்பவர் உங்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், நீங்கள் அவருக்கு அல்ல.

பொய் எக்ஸ்பீரியன்ஸ் போட்டவர்கள் சிலர் உள்ளே வந்துவிடுகிறார்கள், உண்மைதான். பேக்ரவுண்ட் செக்கில் பிஎஃப் கணக்கின் யூஏஎன் எண்ணைப் பார்த்தால் எந்த நிறுவனத்தில் எப்போதிலிருந்து என்று தெரிந்துவிடும். தப்பித்து வந்தாலும் நாற்பத்தைந்து நிமிஷக் கணக்கு அவர்களுக்கு உதவாது. மூன்று வருஷ அனுபவம் உள்ளவர் ஃப்ரெஷரின் சந்தேகத்தைக் கேட்க முடியாது. கேட்காமல் ஒளிந்து ஒளிந்து வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் படும் பாட்டைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். சின்ன நிறுவனத்தில் குறைந்த சம்பளத்தில் இன்டர்னாகச் சேருவது எவ்வளவோ மேல்.

"குழந்தைக்காக நாலு வருஷம் வேலையை விட்டுட்டேன். திரும்ப எடுப்பாங்களா?"

எடுக்கிறார்கள், ஆனால் முதல் வாய்ப்பு கிடைக்க நாளாகும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இடைவெளிக்குப் பின் வரும் பெண்களுக்கென்றே தனித் தேர்வு உண்டு, அங்கே தொடங்குங்கள். ரெஸ்யூமில் இடைவெளியை மறைக்காமல் ஒரே வரியில் எழுதுங்கள். சின்னதாக ஒன்றைக் கட்டி இணையத்தில் ஓட விடுங்கள். எஸ்க்யூஎல்லும் நெட்வொர்க்கும் நாலு வருஷத்தில் மாறிவிடவில்லை, இரண்டாவது கேள்வியில் சொன்னது உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். பழைய பதவியிலிருந்து ஒரு படி இறங்கச் சொன்னால் யோசிக்கலாம். மூன்று படி இறங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"35 தாண்டியும் மேனேஜர் ஆகலன்னா தூக்கிடுவாங்களாமே?"

எனக்கு 35 தாண்டிவிட்டது, நான் மேனேஜர் இல்லை. சம்பளம் வருஷா வருஷம் ஏறி, செய்யும் வேலை மட்டும் மூன்றாவது வருஷத்தில் செய்ததாகவே இருந்தால் ஆபத்து உண்டு. ஆள் கணக்கில் பில் போடும் நிறுவனங்களில் அந்த அழுத்தம் அதிகம். நன்றாக வேலை செய்பவர்களையும் ஆட்குறைப்பில் அனுப்பியிருக்கிறார்கள், அதனால் ஆறு மாத வீட்டுச் செலவைத் தொடாமல் வைத்திருங்கள். மனிதர்களோடு வேலை செய்யப் பிடித்தால் மேனேஜர் ஆகுங்கள், பயத்தில் ஆகாதீர்கள்.

"நான் எழுதின கோட்ல ஒரு தப்பு இருக்கு. ஒரு வருஷமா யாரும் கவனிக்கல. எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லணுமா?"

சொல்ல வேண்டும். இது எனக்கு நடந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பில் போடும் பகுதியை அவசரமாக மாற்றி எழுதினேன். அடுத்த வருஷம் வேறு ஏதோ தேடும்போது கண்ணில் பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வரி கணக்கிட்டுப் பைசாவை முழுதாக்கி, பிறகு கூட்டியிருந்தேன். அந்த வாடிக்கையாளர் கேட்டிருந்ததோ, மொத்தத்துக்கு வரி போட்டு ஒரே முறை முழுதாக்கும்படி. 33.36 ரூபாய்ப் பொருள் மூன்று என்றால், ஒன்றுக்கு 18 சதவீதம் 6.0048, அது 6.00 ஆகும், மூன்றும் சேர்ந்து 18.00. மொத்தம் 100.08க்கு 18 சதவீதம் 18.0144, அது 18.01. வித்தியாசம் ஒரு பைசா. யாரும் புகார் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பிறகு அலறியடித்துக்கொண்டு போகாமல், சொல்ல வேண்டியதைத் தயார் செய்தேன். கிட் வரலாற்றில் எந்த கமிட், அது ப்ரொடக்‌ஷனுக்கு எந்தத் தேதியில் போனது, பாதிக்கப்பட்ட பில்கள் எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை பைசா. பட்டியல் எடுக்க இரண்டு மாலை ஆனது. மெயிலில் மூன்று பத்தி: என்ன தப்பு, எதுவரை பாதிப்பு, எப்படித் திருத்தலாம். மன்னிப்பு ஒரு வரி. மேனேஜருக்கு அனுப்பினேன், அவர் அப்படியே வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் கணக்குப் பிரிவிலிருந்து கால் வந்தது. எதிர்முனையில் வயதான குரல். "எந்தத் தேதியிலிருந்தும்மா?" என்று கேட்டார். சொன்னேன். "எந்தத் தேதி வரைக்கும்?" அதையும் சொன்னேன். "பட்டியலை எக்ஸெல்லில் அனுப்பிடுங்க, நான் ஒரே என்ட்ரியில் முடிச்சிடறேன்" என்று வைத்துவிட்டார்.